கோழிகளுக்குக் காட்டிய பச்சை கவுன்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இப்போது என்னோடுதான் இருக்கிறாள். ஒரு நாளைக்கு நாலு தடவை சொட்டு மருந்து, நடுவே சண்டை. பொழுது இப்படியே போகிறது.

நீ சொன்ன ஸ்பானிய எழுத்தாளர் லோர்காவின் நாடகத்தை, 'பெர்னார்தா ஆல்பாவின் வீடு', இரண்டு தடவை படித்துவிட்டேன். 1936 ஜூனில் எழுதி முடித்தவரை ஆகஸ்டில் கிரனாடா பக்கம் சுட்டுக் கொன்றுவிட்டார்களே! நாடகம் மேடையேற 1945 ஆயிற்று, அதுவும் அர்ஜென்டினாவில், புவனஸ் அயர்ஸில்.

புருஷன் செத்ததும் எட்டு வருஷம் துக்கம், தெருக்காற்றுகூட உள்ளே வரக்கூடாது என்று ஐந்து பெண்களையும் அடைத்துப்போடுகிறாள் பெர்னார்தா. மூத்தவளுக்கு 39, கடைக்குட்டி அதேலாவுக்கு 20. அவள் அம்மாவின் கைத்தடியைப் பிடுங்கி ஒடிக்கும் இடத்தை நீ அப்படிப் புகழ்ந்திருந்தாய். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. ஒடித்த கையோடு, இனி பெப்பேயைத் தவிர யாரும் எனக்கு உத்தரவு போட முடியாது என்கிறாள். தடி ஒடிந்ததா, கைமாறியதா? அந்தப் பெப்பே, பணத்துக்காக அவள் அக்காவைக் கட்டிக்கொள்ள வந்துவிட்டு, இவளோடும் ரகசியமாகப் பழகுகிறவன். மேடையில் தலைகூடக் காட்டுவதில்லை. பெர்னார்தா துப்பாக்கியால் சுட்டதும் குதிரையேறி ஓடிவிடுகிறான். அவன் செத்துவிட்டான் என்று இன்னொரு அக்கா சொன்னதை நம்பி இந்தப் பெண் உயிரை விடுகிறது.

முதல் அங்கத்தில் ஒன்று வருமே, ஞாபகம் இருக்கிறதா? அதேலா பிறந்தநாளுக்கென்று தைத்த பச்சை கவுனைத் துக்க வீட்டில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய், "கோழிகளே, என்னைப் பாருங்கள்!" என்று கத்துகிறாள். அதைக்கூட நாம் பார்ப்பதில்லை, ஒரு அக்கா சொல்லித்தான் தெரிகிறது. அந்த ஒரு நிமிஷம் அவளுக்குப் பெப்பேயும் வேண்டியிருக்கவில்லை. கலகம் என்றால் எனக்கு அதுதான்.

அப்புறம் அந்தக் கிழவி, மரியா ஹோசெபா. 80 வயது, பெர்னார்தாவைப் பெற்றவள். அவளையும் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறாள் மகள். தப்பி வெளியே வந்து, கடற்கரைக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கொள்ளப்போகிறேன் என்கிறாள். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போது பக்கத்து அறையில் அம்மா இருமிக்கொண்டிருந்தாள், சிரிப்பு வரவில்லை.

நேற்று என்ன நடந்தது தெரியுமா? நான் குளிக்கப் போன நேரம், கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெற்றிலை வாங்கக் கிளம்பிவிட்டாள். கேட்டருகே பிடித்துவிட்டேன். "நீ என்ன எனக்கு மாமியாரா?" என்றாள். சரி வா என்று நானே கடை வரைக்கும் கூட்டிப்போனேன். எனக்கும் ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எழுது.

அன்புடன்,
கோமதி