வட ஆர்க்காட்டுக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளுக்கு: ஒரு புராஜெக்ட்டாவது வானத்துக்கு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் உள்ள கல்லூரிகளின் இயற்பியல் துறைத் தலைவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஆறாம் செமஸ்டர் தொடங்கியதும் மூன்றாமாண்டு மாணவர்களுக்குப் புராஜெக்ட் பிரித்துக் கொடுப்பீர்கள். தானாக எரியும் தெருவிளக்கு, சூரிய ஒளியில் ஓடும் விசிறி, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரம் என்று போன வருஷத்துப் பட்டியல்தான் பெரும்பாலும் திரும்ப வரும். பாதியைக் கடையில் விலைக்கே வாங்கலாம் என்பது உங்களுக்கும் தெரியும், மாணவர்களுக்கும் தெரியும். ஒரே ஒரு குழுவுக்காவது, வெப்பம் மிகுந்த ஒரு விண்மீனின் நிறமாலையை, அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை, தொடர்ந்து பதிவுசெய்யும் வேலையைக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வெப்பம் மிகுந்தவை என்று சொல்வது ஓ, பி வகை விண்மீன்களை. நம் சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,800 கெல்வின். பி வகை சுமார் 10,000 கெல்வினில் தொடங்குகிறது, ஓ வகை 30,000-ஐத் தாண்டுகிறது. இவை எங்கோ கண்ணுக்குத் தெரியாத மூலையில் இருப்பவை அல்ல. பஞ்சாங்கத்தில் தினமும் பெயர் சொல்கிறோமே, அந்தச் சித்திரையும் மகமும் பி வகைதான். கார்த்திகைக் கூட்டத்தில் பளிச்சென்று தெரிபவை எல்லாமே பி வகை. அனுஷத்தின் மூன்று விண்மீன்களும் அப்படியே. (திருவாதிரைக்காரர்கள் மன்னிக்கவும், அது சிவந்து குளிர்ந்தது.)

இவற்றையெல்லாம் எப்போதோ அளந்து அட்டவணை போட்டாயிற்றே, நம் பிள்ளைகள் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஹார்வர்டில் ஆனி ஜம்ப் கேனன் 2,25,300 விண்மீன்களை நிறமாலையைப் பார்த்தே வகை பிரித்தார். அந்த அட்டவணை 1918 முதல் 1924 வரை வெளிவந்தது. அதற்கும் முன்னால், 1844-லேயே, சென்னை வானாய்வகத்திலிருந்து டி. ஜி. டெய்லர் ஏறக்குறைய 11,000 விண்மீன்களின் இடங்களை அட்டவணையாக்கியிருந்தார். இன்று கையா விண்கலத்தின் 2022 வெளியீட்டில் 180 கோடி ஒளிப்புள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கையாவுக்கே, வெளிச்சக் கணக்கில் மூன்றாம் தரத்தைவிட வெளிச்சமான விண்மீன்கள் என்றால் தடுமாற்றமாகத்தான் இருந்தது. உணர்கருவி நிரம்பி வழிந்துவிட்டது. அதாவது நாம் மொட்டை மாடியில் நின்று வெறும் கண்ணால் எளிதாகப் பார்ப்பவைதான் அதற்குச் சிக்கலாக இருந்தன.

அளப்பதிலும் ஒரு தொல்லை உண்டு. சூரியனைப் போன்ற விண்மீன் என்றால் நீலத்திலும் மஞ்சளிலும் வரும் ஒளியை ஒப்பிட்டே வெப்பநிலையை ஓரளவு சொல்லிவிடலாம். 25,000 கெல்வின் விண்மீன் தன் ஒளியில் பெரும்பகுதியைப் புறஊதாவில் கொட்டுகிறது. நம் கண்ணுக்கு வருவது அதன் வால்தான், அந்த வால் 30,000-க்கும் 40,000-க்கும் ஏறத்தாழ ஒரே நிறம். இடையில் இருக்கும் தூசி வேறு ஒளியைச் சிவப்பாக்கிவிடும். அதனால் நிறத்தை விட்டுவிட்டு, நிறமாலையில் ஒவ்வொரு தனிமமும் பதிக்கும் கறுப்பு வரிகளைப் பார்க்கிறார்கள். ஓ வகையில் சாதாரண ஹீலியத்தின் வரிக்கும் எலக்ட்ரானை இழந்து அயனியான ஹீலியத்தின் வரிக்கும் உள்ள விகிதம்தான் கணக்கு. அயனியாக்கம் பற்றி மேகநாத் சாஹா 1920-இல் எழுதிய சமன்பாட்டைக் கரும்பலகையில் போடுகிறீர்கள் அல்லவா, அது நேராக வேலைக்கு வருவது இங்கேதான்.

சரி, வெப்பநிலையைக் கண்டுபிடித்தாயிற்று என்றாலும் எதை எழுதுவது? மகம் ஏறக்குறைய 16 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் நடுப்பகுதி பிதுங்கி, துருவத்தை நோக்கிய ஆரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகியிருக்கிறது. துருவத்தில் 15,000 கெல்வின் சொச்சம், நடுவில் 10,000 சொச்சம் என்று 2005-இல் வெளியான அளவீடு சொல்கிறது. அட்டவணைக் கட்டத்திலோ ஒரே எண்ணுக்குத்தான் இடம்.

மாணவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது, பி வகையிலேயே தன்னைச் சுற்றி வாயுத் தட்டு கட்டிக்கொள்ளும் விண்மீன்களை. பி-இ விண்மீன்கள் என்பார்கள். அந்தத் தட்டிலிருந்துதான் 656.3 நானோமீட்டரில் ஹைட்ரஜனின் சிவப்பு வரி, பள்ளமாக இருக்க வேண்டியது, மேடாக எழும்பி நிற்கும். காமா காசியோபியா என்ற விண்மீனில் ஹைட்ரஜன் வரி இப்படி எழும்பி நிற்பதை 1866-இல் ஏஞ்சலோ செக்கி முதலில் கவனித்தார். தட்டு வரும், கரையும், சில வருஷம் காணாமலே போகும். ஒரு நாள் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு இருபது வருஷம் அதையே நம்புவது மாதிரிதான் இவற்றுக்கு அட்டவணை போடுவது. தொடர்ந்து யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அனுஷத்தின் நடு விண்மீனான டெல்டா ஸ்கார்ப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். பல காலம் பேசாமல் இருந்த அது, 2000-இல் திடீரென்று வெளிச்சம் கூடியது. கண்டுபிடித்தவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த செபாஸ்டியன் ஒடெரோ, ஓர் ஆர்வலர். அதற்கு ஒரு துணை விண்மீன் உண்டு; சுமார் 10.8 ஆண்டுகளுக்கு ஒருமுறை நெருங்கி வந்து போகும். 2011-இல் வந்தது, 2022-இல் வந்தது. அடுத்தது 2033 வாக்கில். இந்த ஆண்டு பதிவு தொடங்கும் துறையிடம் அப்போது சில ஆண்டுகளின் பதிவு கையில் இருக்கும்.

கருவிக்குப் பெரிய செலவில்லை. சிறிய தொலைநோக்கி, ஒரு கேமரா, அதன் முன்னால் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் உள்ள கிரேட்டிங்; இவ்வளவு இருந்தாலே காமா காசியோபியாவின் சிவப்பு மேடு தெரியும். பாரிஸ் வானாய்வகம் நடத்தும் பி-இ விண்மீன் நிறமாலைத் தொகுப்புக்கு ஆர்வலர்களும் பதிவு அனுப்பலாம், சரிபார்த்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தத் தரத்துக்கு இன்னும் நுணுக்கமான நிறமாலைமானி வேண்டும். நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்து ஒன்று வாங்கலாமே? ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ போக வேண்டிய அவசியமும் இல்லை. இவ்வளவு வெளிச்சமான விண்மீன்களுக்குக் காட்பாடி மாடியே போதும். பருவமும் கூடிவருகிறது: வடகிழக்கு மழை ஓய்ந்து, தையிலிருந்து சித்திரை வரை வானம் திறந்திருக்கும். அதுதான் உங்கள் புராஜெக்ட் செமஸ்டரும். ஜனவரி முன்னிரவில் காமா காசியோபியா வடமேற்கில் இருக்கும். ஏப்ரல் நள்ளிரவில் அனுஷம் தென்கிழக்கில் நன்றாக ஏறியிருக்கும்.

ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. வட ஆர்க்காடாக இருந்தபோது வந்து, வேலூர் மாவட்டமாக இருந்து, 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே பி-இ விண்மீன்களின் நிறமாலைகளை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நம் மாணவர்கள் அந்தக் குவிமாடத்தைச் சுற்றுலாவில் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அடுத்த முறை போகும்போது கையில் தாங்களே எடுத்த ஒரு நிறமாலையோடு போனால், அங்கே இருப்பவர்களிடம் கேட்க அவர்களுக்கு உருப்படியான கேள்வி இருக்கும்.

நவம்பருக்குள் இரண்டு மூன்று துறைகள் பேசி முடிவு செய்தால் போதும். அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள்: முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு கோப்பிலும் நேரத்தை உலக நேரத்தில் எழுதச் சொல்லுங்கள். நம் கடிகார நேரத்தைப் போட்டால் ஐந்தரை மணி தள்ளிப்போய், நள்ளிரவுக்குப் பிறகு எடுத்தவற்றுக்குத் தேதியே மாறிவிடும்.

அன்புடன்,
குடியாத்தத்திலிருந்து ஒரு வான்நோக்கி