செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: நம் மணல் வண்டி

சங்கத் தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நிவாரணத்துக்கான விண்ணப்பங்களை வழக்கம் போல் சங்கத்தில் வைத்தே எழுதிக் கொடுத்தோம். வலைக்கூடத்தின் ஓடு மாற்றப்பட்டது. மீதி நேரம் முழுவதையும் மணல் வண்டிக்கு, அதாவது கடற்கரை மணலில் நோயாளியையும் சாமானையும் ஏற்றிப் போக நாம் வாங்கிய ஜீப்புக்கு, எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வீடு வசூலித்து வாங்கியது, அதனால் ஒவ்வொரு செலவுக்கும் காரணம் சொல்ல வேண்டியது என் கடமை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி, மறு பக்கம் கடல், நடுவில் இந்த மணல் திட்டு. ரோடு தண்ணீருக்குள் போய்விட்டது. பிரசவ வலியில் இருந்த பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து, கடலோரமாகவே தூக்கிக்கொண்டு போனோம். 108 வண்டி தார் ரோட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, மணலில் இறங்க அதனால் முடியவில்லை. கட்டிலின் ஒரு காலை நான் பிடித்திருந்தேன். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அன்று நடந்த தூரத்தை நான் மறக்கவில்லை. வண்டி வேண்டும் என்ற பேச்சு அந்த வாரமே தொடங்கியது.

எந்த வண்டி என்பதில் மூன்று கூட்டம் போயிற்று. இளைஞர்கள் மஹிந்திராவின் தார் ஜீப் கேட்டார்கள். நல்ல வண்டிதான், பலமும் உண்டு. ஆனால் 2020-க்குப் பின் வந்த தார் 1,700 கிலோவுக்கு மேல். ஃபோர்ஸ் கம்பெனியின் கூர்க்கா ஜீப்பில் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் பூட்டு, அதாவது இரு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைப்பது, கம்பெனியிலேயே வருகிறது, எடையோ இரண்டு டன்னைத் தாண்டும். நம் கரையில் மணல் பொடி மணல். மேலே காய்ந்து கிடக்கும் இடத்தில் வெறுங்காலே கணுக்கால் வரை புதைகிறது. இதில் எஞ்சின் பலத்தை விட எடைதான் முதல் கேள்வி. 2023 ஜூனில் வந்த மாருதி ஜிம்னி ஏறத்தாழ 1,200 கிலோ, நமக்குப் பொருந்தும். ஆனால் புதிய வண்டியின் விலை தொடக்கமே 12 லட்சத்துக்கு மேல். பழைய மாருதி ஜிப்ஸி கிட்டத்தட்ட 1,000 கிலோதான். 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஏணி போன்ற அடிச்சட்டம், நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங், நான்கு சக்கர ஓட்டத்தில் வேகத்துக்கு 4எச், இழுவைக்கு 4எல் இரண்டும் உண்டு. பொதுமக்களுக்கு விற்பது 2019-இல் நின்றுவிட்டாலும் உதிரிப்பாகம் கிடைக்கிறது. பின் இருக்கைகளைப் பக்கவாட்டில் மடக்கிவிட்டு, பின் பலகையை இறக்கினால் ஆள் படுக்கலாம், படகு எஞ்சின் ஏற்றலாம். அதையே தீர்மானித்தோம்.

முதலில் பார்த்த ஜிப்ஸியில் ஏமாற இருந்தோம். பெயிண்ட் பளபளவென்று இருந்தது, முன்பணமும் கொடுத்துவிட்டோம். ஆந்திர எல்லையில் உள்ள தடா ஊரில் இருந்து நாம் கூட்டிப் போன மெக்கானிக் அண்ணன், ஓட்டுநர் காலடி விரிப்பைத் தூக்கிச் சுத்தியலால் தட்டினார். தகரம் உள்ளே போனது. பின் ஸ்பிரிங் தொங்கும் இடத்தில் சட்டம் துருவேறி, அதன் மேல் புட்டி பூசியிருந்தது. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. இனி யாராவது பழைய வண்டி வாங்கினால், மேலே பார்க்காதீர்கள். படுத்துக் கீழே பாருங்கள், காலடி விரிப்பைத் தூக்குங்கள், கண்ணாடிச் சட்டத்தின் அடியைத் தட்டுங்கள்.

இரண்டாவது வண்டி சூளூர்ப்பேட்டைப் பக்கம் கிடைத்தது. 2012-இல் பதிவானது, ஆந்திர எண். உப்புக் காற்று படாத இடத்தில் நின்ற வண்டி, சட்டம் சுத்தமாக இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்குவதில் ஒரு வேலை கூடுதல். அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 கொடுத்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்ற வேண்டும். இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். மாதக் கணக்கில் அலைந்தோம். இப்போது வண்டி சங்கத்தின் பெயரில், நம் மாநில எண்ணில் நிற்கிறது.

அப்புறம் மாற்றங்கள். இதில் ஒரு தவறை நானே அனுமதித்தேன், அதையும் சொல்ல வேண்டும். பார்க்க வலுவாக இருக்கிறது என்று அகலமான, பெரிய கட்டை கட்டையான மட் டயர் போட்டோம். சேற்றுக்கு அது சரி. மணலில் அந்தக் கட்டைகள் மண்வெட்டி மாதிரி தோண்டுகின்றன. சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி கீழே இறங்கியது. டயர் உயரம் கூடியதால் எஞ்சினும் திணறியது, இரண்டே மாதத்தில் கிளட்ச் தேய்ந்தது. அவற்றை விற்றுவிட்டுக் கம்பெனி அளவான 205/70 ஆர்15-க்கே திரும்பினோம், மேடு பள்ளம் குறைந்த பட்டையோடு.

உண்மையான மாற்றம் காற்றில்தான் இருக்கிறது. தடா அண்ணன் முதல் நாளே சொன்னது, “முதலில் காலி தீயண்டி.” தெலுங்கில் காலி என்றால் காற்று, தீயண்டி என்றால் எடுங்கள். தார் ரோட்டில் 26 பவுண்டில் ஓடும் வண்டி, மணலில் இறங்கும் முன் 14, 15-க்கு வர வேண்டும். காற்றைப் பாதியாக்கினால் டயர் தரையில் பதியும் இடம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது, அகலத்தை விட நீளத்தில் அதிகமாக. செருப்போடு மணலில் நடப்பதற்கும் விரல் விரித்து வெறுங்காலில் நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. சிக்கிக்கொண்டால் 12 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ரோடு ஏறும்போது திரும்ப நிரப்ப, பேட்டரியில் மாட்டும் கம்ப்ரசர் வாங்கினோம். இந்த வருடச் செலவிலேயே மிகப் பயனுள்ளது அதுதான். இப்போது நம் பிள்ளைகள், “காலி எடுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.

முன் சக்கரத்தை அச்சோடு இணைக்கும் காற்றுப் பூட்டு வேலை செய்யவில்லை, கையால் திருப்பும் ஹப் போட்டோம். ரோட்டுக்கு வந்ததும் நான்கு சக்கர ஓட்டத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் திருப்பத்தில் கியர்கள் முறுக்கிக்கொள்ளும். அச்சுகளின் காற்றுத் துளைக்குக் குழாய் மாட்டி மேலே கொண்டுவந்தோம், தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க. இழுக்கும் கொக்கி சட்டத்தோடு போல்ட் போட்டது. பழைய ஃபைபர் படகின் பக்கத்தை அறுத்து, மேலே கயிற்றுத் துண்டுகளை ரெசினில் ஒட்டி, இரண்டு மணல் பலகை நாமே செய்தோம். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த மரப்பலகை எப்போதும் வண்டியில் இருக்கும். முன்னால் இரும்புக் கம்பி, கூரை விளக்கு கேட்டவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்ற அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆள் உயிருக்காக ஓடும் வண்டியை வழியில் யாரும் நிறுத்தும்படி நாம் வைத்துக்கொள்ளக் கூடாது.

செப்டம்பரில் முகத்துவாரம் பக்கம் வண்டி சிக்கிக்கொண்டது. காற்றை இறக்காமல் போய், அலை நனைத்த சரிவில் திடீரென்று பிரேக் போட்டிருக்கிறார்கள். அச்சு வரை புதைந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. 12-க்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் சரிவாகத் தோண்டி, பலகை வைத்து, படகுக் கயிற்றைக் கொக்கியில் கட்டி, கரைவலை இழுப்பது போல் ஊரே சேர்ந்து இழுத்தது. வண்டி வந்தது. ஆனால் உப்புத் தண்ணீர் போன முன் சக்கர பேரிங் அடுத்த மாதமே போயிற்று. மணலில் நிற்க வேண்டுமானால் பிரேக் வேண்டாம், கால் எடுத்தால் தானாக நிற்கும், வண்டியின் முகம் இறங்கும் சரிவைப் பார்த்து நிற்கட்டும். ஈர மணல் கெட்டி என்று அலைக்குள் இறங்கவும் வேண்டாம்.

கடலோரம் ஓடிய ஒவ்வொரு நாளும் அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நம் கைப்பம்பில் வருவது உவர், அதில் கழுவிப் பயனில்லை. மழைநீர்த் தொட்டியில் இருந்து நான்கு குடம் ஒதுக்கித் தரும் தாய்மார்களுக்குச் சங்கத்தின் நன்றி. சட்டத்துக்கு வருடம் ஒரு முறை மெழுகுப் பூச்சு போடுகிறோம்.

இன்னொரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், மன்னிக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடும் காலம். முட்டை, அலை ஏறும் கோட்டுக்கு மேலே மணலில் இருக்கிறது, பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். அந்த மாதங்களில் மேல் மணலிலும் மேட்டிலும் வண்டி ஏறாது. இரவில் நோயாளிக்காக மட்டும், அதுவும் ஒருவர் முன்னால் நடந்து வழி பார்த்த பிறகு. சக்கரத் தடத்தைத் திரும்பி வந்து கட்டையால் இழுத்துச் சமன் செய்யுங்கள். பள்ளத்தில் விழுந்த குஞ்சு கடலுக்குப் போகத் தெரியாமல் அதிலேயே ஓடி, விடிந்ததும் காக்கைக்குப் போகிறது. நான் பார்த்திருக்கிறேன்.

கூட்டத்தின் முன் இரண்டு கோரிக்கை. 2027-இல் வண்டிக்கு 15 ஆண்டு முடிகிறது, பதிவைப் புதுப்பிக்கும் செலவுக்கு இப்போதிருந்தே மாதம் ஒரு தொகை ஒதுக்க அனுமதி வேண்டும். ஓட்டுநர் பட்டியலில் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள், அதில் மூவர் பெரும்பாலும் கடலில். கரையில் இருக்கும் பெண்களில் உரிமம் வைத்திருக்கும் இருவர் பழக முன்வந்திருக்கிறார்கள், அவர்கள் பெயரைச் சேர்க்க வேண்டும். சாவி வழக்கம் போல் வலைக்கூடத்து ஆணியில், பக்கத்திலேயே காற்று அளக்கும் மீட்டரும்.

இப்படிக்கு,
செயலாளர்