செல்விக்கு, உன் தோழி வீட்டு விலாசத்துக்கு

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை.

உனக்கு அனுப்பிய பார்சல் போன வாரம் திரும்பி வந்தது. 'இந்த விலாசத்தில் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். தபாலில் ஏதோ குழப்பம் என்று அப்பா சொன்னார். சரி, அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அதனால்தான் இதை உன் தோழி வீட்டுக்கு அனுப்புகிறேன். இரண்டு வாரம் அங்கே இருப்பேன் என்று நீ சொன்னது ஏப்ரலில். இப்போது ஆகஸ்ட்.

சான்றிதழ்களையெல்லாம் ஒரே பையில் வைத்திருக்கிறாய் அல்லவா? தண்ணீர் படாத உறையில் போட்டு வை.

ஒரு மாதமாக நூலகத்தில் ஒரே விஷயத்தைத்தான் தேடித் தேடிப் படிக்கிறேன். ஏழைகளையும் வீடில்லாதவர்களையும் எந்தெந்த நாட்டில் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள், ஓய்வு பெற்றபின் எதையாவது படிக்கத்தானே வேண்டும். வேறு காரணம் இல்லை.

இங்கிலாந்தில் 1601-லேயே ஏழைகளைக் காப்பாற்றுவது அந்தந்தத் திருச்சபை வட்டாரத்தின் கடமை என்று சட்டம் போட்டார்கள். அதற்கென்று வரியே வாங்கினார்கள். இதை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதற்குப் பின்னால் வந்ததை வேகமாகக் கடந்துபோயிருக்கிறேன். 1662 சட்டப்படி, வேறு வட்டாரத்திலிருந்து பிழைக்க வந்தவர்களை அவர்கள் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாம். 1697-ல், உதவி வாங்குகிறவர்கள் வலது தோளில், சட்டைக் கையின் மேல், சிவப்போ நீலமோ ஒரு துணித்துண்டில் 'பி' என்ற எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஏழை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் அதே துணி. அந்தத் துண்டுகளை யார் தைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தந்த வீட்டு அம்மாதான் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து தைத்திருப்பாள்.

1834-க்கு அப்புறம் உழைப்பு விடுதி. உதவி வேண்டுமென்றால் அங்கே போய்த் தங்கி வேலை செய்ய வேண்டும். உள்ளே கிடைக்கும் வாழ்க்கை, வெளியே இருக்கும் கடைசிக் கூலிக்காரனின் வாழ்க்கையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பதே அதன் கொள்கை. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டார்கள். உதவி கேட்கவே கூச்சப்பட வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்த வேலை அது.

வடலூரில் வள்ளலார் தருமசாலை தொடங்கியது 1867-ல். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. நீ யார், ஏன் இப்படி ஆனாய் என்று அங்கே கேட்பதில்லை. அமிர்தசரஸ் பொற்கோயிலிலும் அப்படித்தான், எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார வேண்டியதுதான். இது பெரிய விஷயம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்டுக் கை கழுவியவன் ராத்திரி எங்கே போய்ப் படுப்பான்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் வீடில்லாதவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடமாவது வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

எண்ணுவதில்கூட நாட்டுக்கு நாடு வித்தியாசம், செல்வி. ஜப்பானில் பூங்கா, ஆற்றங்கரை, சாலை, ரயில் நிலையம் இங்கெல்லாம் கண்ணில் படுகிறவர்களைத்தான் எண்ணுகிறார்கள். 2003-ல் 25,296 பேர், 2024-ல் மூவாயிரத்துக்கும் குறைவு. விடிய விடியத் திறந்திருக்கும் இணைய மையங்களில் நாற்காலியிலேயே தூங்குகிறவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பின்லாந்தில் அப்படி இல்லை. போக்கிடம் இல்லாமல் தெரிந்தவர் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ தற்காலிகமாகத் தங்கியிருப்பவரையும் வீடில்லாதவர் என்றே எழுதிக்கொள்கிறார்கள். அங்கே கணக்கில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவர்கள்தான். பெண்கள் தெருவுக்கு வருவதற்கு முன்னால் தெரிந்தவர் வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார்கள். அதனால் தெருவில் போய் எண்ணினால் பெண்கள் குறைவாகத்தான் தெரிவார்கள்.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ இந்த மாதமும் ஐந்தாம் தேதியே பணம் அனுப்பிவிட்டாய். ஒருநாள்கூடத் தவறியதில்லை. உன்னை நினைத்தால் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நம் வீட்டில் இப்படித் தன் காலில் நின்றவர்கள் யார் இருக்கிறார்கள்? ஆனால் ஒன்று, அந்தப் பணத்தை நான் தொடவில்லை. ஏப்ரலிலிருந்து வந்தது எல்லாம் உன் பெயரில் அப்படியே இருக்கிறது. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன? போன் செய்தால் 'மீட்டிங்கில் இருக்கிறேன் அம்மா' என்கிறாய். பின்னால் பஸ் ஹாரன் கேட்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. சான்றிதழ்களைப் பத்திரமாக வை. அடையாள அட்டையின் நகல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள். வீடில்லாதவர்கள் எல்லா நாட்டிலும் முதலில் தொலைப்பது இந்தக் காகிதங்களைத்தான். விலாசம் இல்லாவிட்டால் புதிதாக வாங்குவதும் கஷ்டம். காகிதம் இல்லாமல் வேலை கிடைக்காது, வேலை இல்லாமல் வீடு கிடைக்காது.

நியூயார்க்கில் 1979-ல் ஒரு இளம் வக்கீல், தெருவில் இருப்பவர்களுக்குப் படுக்க இடம் தருவது அரசின் கடமை என்று வழக்குப் போட்டார். அந்த மாநில அரசியல் சட்டத்திலேயே இல்லாதவர்களுக்கு உதவ வேண்டும் என்று இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டார். ராபர்ட் காலஹன் என்ற, தெருவில் வாழ்ந்த ஒருவர் பெயரில் அந்த வழக்கு. 1981-ல் நகரம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது. அதற்குள் காலஹன் தெருவிலேயே இறந்துவிட்டார்.

ஜப்பானில் இன்னொரு விஷயமும் படித்தேன். அரசு உதவித்தொகைக்கு ஒருவர் விண்ணப்பித்தால், அவருடைய பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் போகும். உங்களால் இவரைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு. அந்தக் கடிதம் வீட்டுக்குப் போய்விடுமே என்று பயந்தே நிறையப் பேர் விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டார்கள். 2021-ல் அதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். உன் மாமாவைப் பற்றி எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் நான் என்ன பதில் எழுதியிருப்பேன் என்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

பதில் எனக்குத் தெரியும். ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

உனக்கு அப்போது ஏழு வயது. மாமா வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். அதற்கு முந்தின ராத்திரி அவன் வந்து வாசலில் நின்றான். நல்ல மழை. நான் கம்பிக் கதவைத் திறக்கவில்லை, சங்கிலியைக்கூட எடுக்கவில்லை. 'குடியை விட்டுவிட்டு வா, அப்புறம் பேசலாம்' என்றேன். உள்ளே அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், அவரை எழுப்பவும் இல்லை. எழுப்பியிருந்தால் அவர் திறந்திருப்பார் என்பதால்தான் எழுப்பவில்லை. கம்பி இடுக்கு வழியாக ஒரு போர்வையைக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, 'சரிக்கா' என்றான். காலையில் பார்த்தால் போர்வை படியில் இருந்தது. நுனிக்கு நுனி சரியாக வைத்து நான்காக மடித்திருந்தான். சின்ன வயதில் அம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

போன மார்ச்சில் உன் அலுவலகத்தில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று நீ சொன்னபோது, 'வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து நிற்காதே, நாலு பேர் என்ன பேசுவார்கள்' என்றேன். நீயும் 'சரிம்மா' என்றுதான் சொன்னாய்.

பின்லாந்திலும் முன்பெல்லாம் இப்படித்தான். முதலில் குடியை விடு, மருந்து சாப்பிடு, ஒழுங்காக இருந்து காட்டு, அப்புறம் வீடு. 2008-ல் அதை அப்படியே திருப்பிப் போட்டார்கள். முதலில் வீடு. அவரவர் பெயரிலேயே வாடகை ஒப்பந்தம், கையில் சாவி. வாடகை கட்டத்தான் வேண்டும், அதற்கு அரசு உதவித்தொகை உண்டு. குடியும் கடனும் நோயும் அதற்கப்புறம், உதவிக்கு வருகிற ஆட்களோடு பேசிக்கொள்ளலாம். தலைநகர் ஹெல்சின்கியில் 1985-ல் விடுதிகளில் இரண்டாயிரத்துக்கு மேல் படுக்கைகள் இருந்தன. 2016-ல் 52 தான். மற்ற விடுதிகளையெல்லாம் மூடிவிட்டார்கள், அல்லது சின்னச் சின்ன வீடுகளாக மாற்றிவிட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் அந்த நாட்டில் பதினெட்டாயிரம் பேருக்கு வீடில்லை. 2023-ல் 3,429 பேர். அடுத்த வருஷம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அதையும் படித்தேன். எங்கேயும் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. ஆனாலும் ஒரு நாடு முழுக்கச் செய்ய முடிந்ததை நான் ஒரு கதவில் செய்யவில்லை.

உறையில் சாவிக்கொத்து ஒன்று வைத்திருக்கிறேன். பெரியது கம்பிக் கதவுக்கு, சின்னது உள்கதவுக்கு. உள்கதவை உன் பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும், மழைக்காலத்தில் இறுகிக்கொள்கிறது. சங்கிலியை நேற்று அப்பா கழற்றி எடுத்துவிட்டார். எந்நேரம் வந்தாலும் மணி அடிக்காதே, திறந்துகொண்டு வா. நாங்கள் எதுவும் கேட்கமாட்டோம். உன் அறையில் நான் போட்டு வைத்திருந்த பழைய பெட்டிகளை எடுத்துவிட்டேன்.

சான்றிதழ்ப் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா.

அம்மா