731-க்கு அப்புறம்

அன்புள்ள ரகு,

இங்கே எல்லோரும் நலம். உன் இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. எட்டு மாதம் ஆகிவிட்டது. தப்பு என்னுடையதுதான், காரணம் சொல்லிப் பக்கத்தை வீணாக்கவில்லை. பெரியவளுக்குப் பரீட்சை முடிந்தது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடிதம் கிடைத்துவிட்டது!

எந்தக் கடிதம் என்று மட்டும் கேட்டுவிடாதே. டாக்டர் ஜோன்ஸின் கடிதம்டா. நாம் விளையாடிய ஸ்டார்ட்ராபிக்ஸ் வீடியோ கேமின் பெட்டியில் இருந்திருக்க வேண்டிய கடிதம். அதை நான்தான் தொலைத்தேன் என்று உன் கல்யாண மேடை வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாயே, அந்தக் கடிதம். நான் தொலைக்கவில்லை. அது பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அம்மா பரணைக் காலி செய்யச் சொன்னார். கடைசியாக இறங்கியது அந்தப் பெட்டி. சுந்தர் அண்ணன் அமெரிக்காவிலிருந்து நிண்டெண்டோ வீடியோ கேம் மெஷினோடு கொண்டுவந்ததில் மிச்சம் இருப்பது இந்த ஒரு பெட்டிதான். மற்றதெல்லாம் எப்போதோ பழைய பேப்பரோடு போய்விட்டது. இது தப்பியதற்குக் காரணம், அம்மா இதில் நூல்கண்டு போட்டு வைத்திருந்தார். நூலையெல்லாம் எடுத்தேன். அடியில் அந்த வெள்ளைத் தெர்மகோல் கட்டை அப்படியே இருந்தது. மெஷினில் செருகுகிற கேட்ரிட்ஜைவிடப் பெட்டி உயரம் என்பதால் நிண்டெண்டோ கம்பெனி அடியில் வைத்து அனுப்பிய கட்டை. "இதைத் தூக்கிப் பார்க்கலாமா" என்று அன்றைக்கே நான் கேட்டேன். "அது பெட்டியோடு ஒட்டினது, பிய்த்தால் அண்ணன் திட்டுவார்" என்று சொன்னது யார்? யோசித்துப் பார். ஒட்டவே இல்லை. விரலால் நெம்பியதும் வந்துவிட்டது. கட்டைக்கும் பெட்டியின் பின்பக்கத்துக்கும் நடுவில் மடித்த தாள் ஒன்று, ஒரு சொட்டு ஈரம்கூடப் படாமல் நின்றுகொண்டிருந்தது.

ரகு, நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விளையாட்டில் மாமா டாக்டர் ஜோன்ஸ் காணாமல் போக, மைக் நீர்மூழ்கியில் ஏறித் தேடிப் போவானே. "என் கடிதத்தைத் தண்ணீரில் நனைக்கச் சொல்" என்று செய்தி வருமே. திரையில் இருக்கிற கடிதத்தைத் தேடித் தேடி ஒரு வாரம் போயிற்று. அது திரையில் இல்லை, பெட்டியில் இருக்கிற நிஜத் தாள் என்று சுந்தர் அண்ணன் போனில் சொன்ன அன்று நம் முகம் எப்படி இருந்தது! தாளை நனைத்தால் மறைந்திருக்கும் எண் தெரியும், அதை நீர்மூழ்கியின் கம்ப்யூட்டரில் போட்டால்தான் கதை மேலே நகரும். 1990-ல் ஒரு விளையாட்டின் பாதியைப் பிளாஸ்டிக்கிலும் மீதியைக் காகிதத்திலும் வைத்திருக்கிறார்கள். கேட்ரிட்ஜை மட்டும் வாடகைக்கு எடுத்தவர்களும் இரவல் வாங்கியவர்களும் நம்மைப் போலவே அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. மூன்று மாதமாகப் பழைய விளையாட்டுப் பெட்டிகளைப் பற்றித்தான் படிக்கிறேன். வீட்டில் கேட்க ஆள் இல்லை, அதனால் நீ கேள்.

முதலில் நான் நினைத்தது தவறு. பெட்டி என்றால் வெறும் உறை, உள்ளே இருப்பதுதான் பொருள் என்று நினைத்திருந்தேன். ஸ்டேடியம் ஈவன்ட்ஸ் என்று ஒன்று, 1987-ல் பண்டாய் வெளியிட்டது. தரையில் பாயை விரித்து அதன் மேல் ஓடி விளையாட வேண்டும். அந்தப் பாயையும் விளையாட்டையும் நிண்டெண்டோவே எடுத்துக்கொண்டு, மறு ஆண்டு வேர்ல்ட் கிளாஸ் டிராக் மீட் என்று பெயர் மாற்றி விற்றது. உள்ளே ஓடுவது அதே விளையாட்டுதான். புதுப் பெயரில் இருப்பது எங்கேயும் கிடைக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய பெயர் அச்சடித்தது அமெரிக்காவில் கொஞ்சம்தான் வெளியே போனது. அதில் பிரிக்காத ஒன்று 2010-ல் 41,300 டாலருக்குப் போயிற்று. வித்தியாசம் முழுக்க லேபிளிலும் அட்டையிலும் இருக்கிறது.

அதே 2010-ல் இன்னொன்று. அட்டாரி 2600 என்ற பழைய மெஷினுக்கு ஏர் ரெய்டு என்று ஒரு விளையாட்டு, நீல நிறத்தில் கைப்பிடி வைத்த கேட்ரிட்ஜ். சேகரிப்பவர்கள் கையில் சில கேட்ரிட்ஜ்கள் இருந்தன, ஆனால் அதன் பெட்டி எப்படி இருக்கும் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. பெட்டியோடு ஒன்று வெளியே வந்ததும் 31,600 டாலருக்கு விற்றது. இரண்டு வருடம் கழித்து மேனுவலும் சேர்ந்த ஒன்று கிடைத்து 33,000-ஐத் தாண்டியது. எனக்கு அந்தத் தொகை பெரிதாகப் படவில்லை. இத்தனை காலம் பொருள் மட்டும் இருந்து, அதன் முகம் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறதே, அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன்.

ஏன் பெட்டி மட்டும் அரிதாகிறது என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் அட்டையைக் கிழித்துத்தான் கேட்ரிட்ஜை எடுப்பார்கள். நிண்டெண்டோ அட்டையில் கொடுத்தது. சேகா கம்பெனி தன் மெகா டிரைவ் மெஷினின் விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி கொடுத்தது. அதனால் இன்றைக்கு மெகா டிரைவ் விளையாட்டுகள் பெட்டியோடு சாதாரணமாகக் கிடைக்கின்றன, நிண்டெண்டோ அட்டைகளை வலைபோட்டுத் தேட வேண்டியிருக்கிறது.

ஆரம்பத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் பலவற்றுக்குப் பெட்டியே கிடையாது. 1979-ல் ரிச்சர்ட் கேரியட் என்ற பையன் அகலபெத் என்று ஒன்றை எழுதி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் பிளாப்பி டிஸ்க்கைப் போட்டு, தான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையிலேயே விற்றிருக்கிறான். அட்டைப்படம் வரைந்து கொடுத்தது அவன் அம்மா! அந்தப் பையோடு கிடைப்பதைச் சேகரிப்பவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

உனக்கு ரொம்பப் பிடிக்கப்போவது இன்ஃபோகாம். படமே இல்லாமல் எழுத்தாலேயே விளையாட்டு செய்த கம்பெனி. திரையில் காட்ட முடியாததையெல்லாம் பெட்டிக்குள் வைத்தார்கள். 1982-ல் ஸ்டார்கிராஸ் பறக்கும் தட்டு வடிவத்தில் வந்தது. மறு வருடம் சஸ்பெண்டட்: பெட்டியின் முன்பக்கத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் முகமூடி, உள்ளேயிருந்து யாரோ உற்றுப் பார்ப்பதுபோல. 1984-ல் வந்த ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு விளையாட்டில் ஒரு காலிப் பிளாஸ்டிக் பை இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய விண்கப்பல் படை அதற்குள் இருக்கிறதாம். அந்தக் காலிப் பை இல்லாவிட்டால் பெட்டி முழுமையில்லை என்று இன்றைக்கு விலையைக் குறைக்கிறார்கள். எத்தனை பேர் அதைக் குப்பை என்று தூக்கிப் போட்டிருப்பார்கள்!

இதையெல்லாம் படித்த பிறகு நம் பெட்டியை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீயும் ஒருநாள் பார்க்க வேண்டும். பழைய ஆப்செட் அச்சில் நான்கு வண்ணப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூவாகக் கூடி நிற்கும். இப்போது போலியாக அடிக்கிற பெட்டிகள் பலவற்றில் அந்தப் பூ இருக்காது, மை சிதறிய மாதிரி இருக்கும். நம்முடையதில் கடல் நீலம் முழுக்கப் பூ. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நடுவில் ஒரு தப்பும் நடந்துவிட்டது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்பக்கத்து விலைச் சீட்டை எடுக்க, பழைய பொருள் விற்கிற ஒருவரிடம் கொடுத்தேன். லேசாகச் சூடு காட்டி, பசை இளகிய பிறகு ஓரத்திலிருந்து மெதுவாக எடுக்க வேண்டும். அவர் நகத்தால் சுரண்டி இழுத்துவிட்டார். கட்டை விரல் அகலத்துக்கு அச்சு போய், உள்ளே இருக்கிற சாம்பல் அட்டை தெரிகிறது. இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. இனிமேல் யார் கையிலும் கொடுப்பதில்லை. வெயில் படாத அலமாரியில், பிவிசி இல்லாத பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறேன். வெயில் பட்டால் சிவப்பு மைதான் முதலில் வெளுக்குமாம்.

இப்போது முக்கியமான விஷயம். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

பெட்டியின் மேல்மூடியைத் திறந்து உள்பக்கம் பார்த்தேன். உன் பென்சில் எழுத்து. பொடிப் பொடியாக, வரிசை வரிசையாக, மூன்று இலக்க எண்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு. மூடி நிரம்பிப் பக்கவாட்டுக்கும் இறங்கியிருக்கிறது. கடிதம் இல்லையென்றால் என்ன, 000-லிருந்து எல்லா எண்ணையும் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நீ கிளம்பினாயே. நான் பட்டனை அழுத்த, நீ எழுதி அடிக்க. சாயங்காலம் சாயங்காலமாக எத்தனை நாள்! நோட்டில்தான் எழுதினோம் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டில் எழுதினால் உன் அப்பா பார்த்துவிடுவார் என்று பெட்டிக்குள் எழுதியிருக்கிறாய். கடைசி எண் 731. அப்புறம் ஒன்றும் இல்லை. அதோடு உன் அப்பாவுக்கு மாற்றல் வந்து நீ கிளம்பிவிட்டாய். கேட்ரிட்ஜ் உன்னோடு வந்தது, பெட்டி என்னோடு நின்றது.

நாம் தேடிய அந்த எண் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். படிக்கும்போது எங்கேயோ கண்ணில் பட்டுவிட்டது. உனக்குச் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: மிச்சம் இருந்தது இருபதுகூட இல்லை.

பெட்டியைப் பார்க்க ஒரு சேகரிப்பாளர் வந்தார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். ஸ்டார்ட்ராபிக்ஸ் அபூர்வமான விளையாட்டு இல்லை என்று நேராகவே சொன்னார். ஆனால் நனைக்காத கடிதம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காதாம். கிடைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நனைத்துவிட்டார்கள், செய்யச் சொன்னதே அதுதானே. கடிதம், கட்டை, பெட்டி மூன்றையும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி நியாயமான தொகையும் சொன்னார். மூடியைத் திறந்து காட்டினேன். "பென்சில்தானே, மெத்தென்ற ரப்பரால் அழித்தால் போய்விடும், நிலை ஒரு படி உயரும்" என்றார்.

அவர் சொன்னதில் தவறே இல்லை. பெட்டியின் நிலைக்கு மதிப்பெண் போட்டு அக்ரிலிக் டப்பாவில் அடைக்கிற வழக்கப்படி பார்த்தால் கிறுக்கல் ஒரு குறைதான். சூப்பர் மரியோ பிரதர்ஸ் 4 கோடிக்கு மேல் விற்ற விளையாட்டு. ஆனால் 1980-களில் மூடியபடியே பிரிக்காமல் இருந்த ஒன்று 2020-ல் 114,000 டாலருக்குப் போனது, மறு வருடம் இன்னொன்று 660,000-க்கு. யாரும் தொடாததற்குத்தான் அந்த விலை. அதில் எனக்கு மனம் ஒப்பவில்லை, ரகு. பிரிக்காமல் இருக்கிற பெட்டி ஒன்று எப்படி அச்சாயிற்று, எப்படிச் சுற்றப்பட்டது என்று காட்டும், அதைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் அதை வைத்து விளையாடியவன் யார் என்று அதனால் சொல்ல முடியாது. நம் பெட்டியால் முடியும். ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் எழுநூற்றுச் சொச்சம் எண்ணை விடாமல் எழுதிப் பார்த்திருக்கிறான். எத்தனை வீட்டில் எத்தனை பேர் இதே மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்! அவர்கள் பெட்டிகளெல்லாம் போய்விட்டன.

ஆனாலும் முடிவை நான் மட்டும் எடுக்கக் கூடாது. எழுத்து உன்னுடையது. கேட்ரிட்ஜும் உன்னிடம்தான் இருக்கிறது. சுந்தர் அண்ணனிடம் போனில் கேட்டேன். "இரண்டு பேருக்கும்தான் வாங்கினேன், நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்று வைத்துவிட்டார். அதனால் உன்னைக் கேட்கிறேன். பணம் தேவையாக இருந்தால் கூச்சப்படாமல் சொல்லு, பாதி உன்னுடையது. விற்க வேண்டும் என்று நீ சொன்னால் விற்றுவிடலாம். அழிக்க மட்டும் நான் அழிக்கமாட்டேன்.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. கடிதத்தை நனைக்க வேண்டாம். லீவில் நீ இங்கே வா. கேட்ரிட்ஜை எடுத்து வா. அதை ஊதாதே, வாயிலிருக்கிற ஈரம் பட்டு முனைகள் கெட்டுவிடும். பஞ்சில் கொஞ்சம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். திறக்கவும் முயற்சி செய்யாதே, அந்த ஸ்க்ரூவுக்குத் தனி முனை வேண்டும், என்னிடம் வாங்கி வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கிற பேட்டரி எப்போதோ செத்திருக்கும், நாம் சேமித்து வைத்தது போயிருக்கும். பரவாயில்லை, முதலிலிருந்து விளையாடி அந்த இடத்துக்கு வருவோம். நான் பட்டனை அழுத்துகிறேன். நீ பென்சிலை எடுத்து 732-லிருந்து எழுது. பக்கவாட்டில் இன்னும் இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

அம்மா உன்னை விசாரித்தார். அந்தப் பெட்டியில் தன்னுடைய பெரிய ஊசி ஒன்று இருந்ததாம், எங்கே வைத்தாய் என்று தினமும் கேட்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன்.

என்றைக்கு வருகிறாய் என்று எழுது.

உன்,
செந்தில்