படத்தில் இருந்தது குங்குமப்பூ அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில், யாழ்ப்பாணத்து முற்றத்திலும் குங்குமப்பூ வளர்க்கலாம் என்றொரு குறிப்பு வந்திருந்தது. கிழங்கை ஒன்லைனில் வாங்கிச் சாடியில் நட்டால் ஐப்பசியில் பூக்கும், நாரைக் கிள்ளிப் பாலில் போட்டுக் குடிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் பெரிய வண்ணப்படம். அந்தப் படத்தில் இருந்தது குங்குமப்பூ அல்ல, கொல்சிக்கம் என்ற நச்சுச்செடியின் பூ. அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், கனகாலம் தாவரவியல் படிப்பித்த பழக்கம்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பீர்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, கேசரங்களை, அதாவது மகரந்தம் தாங்கும் இழைகளை, எண்ணினேன். குங்குமப்பூ குரோக்கஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. எந்தக் குரோக்கஸ் ஆனாலும் பூவுக்குள் மூன்று கேசரங்கள்தான் இருக்கும். கொல்சிக்கத்துக்கு ஆறு. உங்கள் படத்தில் ஆறும் மஞ்சளாகப் பளிச்சென்று தெரிகின்றன. நடுவில் தண்டுபோல நிற்கும் தம்பத்தையும் பாருங்கள் (குங்குமப்பூவில் நார் என்பது இதன் கிளைகள்தான்). குரோக்கஸில் அது ஒற்றையாக எழுந்து மேலே போய்க் கிளை விடும். கொல்சிக்கத்தில் அடியிலிருந்தே மூன்று தனித்தனி இழைகள்.

இரண்டிலும் இலையுதிர்காலத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு பூ எழும்புவதால்தான் இந்த மயக்கம். காம்பு போலத் தெரிவது காம்பல்ல, பூவின் நீண்ட குழாய். சூலகம் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. இதில் இரண்டும் ஒரே மாதிரி. மேல்நாட்டு நாற்றுப்பண்ணைக்காரரே இரண்டையும் ஒரே பெயரில் விற்கும்போது நம்மவர் ஏமாறுவதில் அதிசயமில்லை. ஆனால் உறவென்று பார்த்தால் வெகுதூரம். குரோக்கஸ் ஐரிஸ் குடும்பம். கொல்சிக்கத்தின் நெருங்கிய சொந்தக்காரர் யார் தெரியுமா? மழை தொடங்கியதும் நமது வேலிகளில் ஏறிப் பூக்கும் கார்த்திகைப்பூ. அதன் கேசரங்களையும் எண்ணிப் பாருங்கள், ஆறு இருக்கும். அந்தப் பூவைச் சுற்றி நம்மிடையே வேறு கதைகளும் உண்டு, அவை இந்தக் கடிதத்துக்குள் அடங்காது.

இரண்டு செடிகளிலும் இருக்கும் நஞ்சும் ஒன்றுதான், கொல்சிசின். கௌட் வாதத்துக்கு வைத்தியர்கள் அரை மில்லிகிராம் குளிசையாகக் கொடுக்கும் அதே மருந்து. கலங்கள் பிரிவதை அது தடுத்துவிடும். அதனால் குடல், எலும்பு மச்சை, முடிவேர் என்று வேகமாகக் கலம் பிரியும் இடங்களில்தான் முதலில் கைவைக்கும். சமைத்தாலும் அழியாது. தின்ற உடனே ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்குவது இதன் சூழ்ச்சி. ஐரோப்பாவில் காட்டுப்பூண்டு இலை பறிக்கப் போனவர்கள் பக்கத்தில் நின்ற கொல்சிக்க இலையையும் சேர்த்துப் பறித்துச் சமைத்துச் செத்திருக்கிறார்கள். இங்கே கார்த்திகைக் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்ற கதைகள் உண்டு. 1966இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் இலங்கையிலிருந்து போன அறிக்கை, அந்தக் கிழங்கைத் தின்று உயிர் தப்பியவருக்கு உடல் முழுவதும் முடி கொட்டியதைச் சொல்கிறது. உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி படத்திலுள்ள பூவின் நாரைப் பாலில் போட்டுக் குடித்தால் என்ன ஆகும்? (குங்குமப்பூ குடித்தால் பிள்ளை வெள்ளையாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. அதற்குத் தனியாகவே ஒரு கடிதம் எழுத வேண்டும்.)

உண்மையான குங்குமப்பூக் கிழங்கே கிடைத்தாலும் இங்கே வளருமா? சாடியில் இலை விடும், ஒருவேளை ஒருமுறை பூக்கவும் கூடும். விற்பவர்களின் வியாபாரமே அந்த ஒருமுறையில்தான் நடக்கிறது. பூமொட்டு முதலில் கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகிவிடும். அதற்கு 23 முதல் 27 பாகை செல்சியஸ் வரையிலான சூடு வேண்டும். பிறகு மொட்டு வெளியே வர, வெப்பம் 17 பாகையளவுக்கு இறங்க வேண்டும். கிழங்கு நம் கைக்கு வரும்போது இந்த வேலையில் பெரும்பகுதி வேறெங்கோ முடிந்திருக்கும். ஆகவே மேசையில் வைத்தாலும் சில பூக்கும். வாங்கியவர் படம் எடுத்து முகநூலில் போடுவார், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வாங்குவார்கள். அடுத்த வருடம் வெறும் இலைதான். அதற்கடுத்த வருடம் அதுவும் இல்லை. காஷ்மீரின் பாம்போரில் குங்குமப்பூ விளைவது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1600 மீற்றர் உயரத்தில், பனி விழும் நிலத்தில். நமக்கோ மார்கழி இராத்திரியிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. போதாக்குறைக்கு, கிழங்கு ஈரம் வடிந்த மண்ணைக் கேட்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு அடைமழை.

கிழங்கு வாங்காமல் குங்குமப்பூ விதைப் பொட்டலம் வாங்கியவர்களையும் சந்தித்திருக்கிறேன். குங்குமப்பூ விதையே போடாது. அதன் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) சோடியாக இராமல் மும்மடியாக இருப்பதால் அது மலடு. மனிதன் கிழங்கைப் பிரித்து நட்டு நட்டுத்தான் இத்தனை நூற்றாண்டுகள் காப்பாற்றி வந்திருக்கிறான். விதை என்று யார் விற்றாலும் அது பொய். தவிர, ஒரு கிலோ நாருக்கு ஏறத்தாழ 150,000 பூ வேண்டும். ஒரு கிராமுக்கே 150 பூ. ஒரு சாடிக் கிழங்கு என்ன மூலைக்குக் காணும்?

கிழங்கைத் தபாலில் வரவழைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுகைப் பொருளை அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. மருமகன் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவார் என்பதும் அதில் அடங்கும்.

உங்கள் இதழை லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வாசிப்பவர்களின் நிலைமை வேறு. அவர்கள் இந்தப் பூக்களை ஆசைதீர வளர்க்கலாம். மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது நானும் புற்றரைகளில் குனிந்து குனிந்து பார்த்திருக்கிறேன். ஓகஸ்ட், செப்ரெம்பரில் வெயில் படும் இடத்தில் பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்தில் நட வேண்டும். புல்லுக்குள் நட்டால், வசந்தத்தில் இலை தானாக மஞ்சளாகிச் சாயும்வரை புல்வெட்டி பக்கத்தில் போகக் கூடாது. அணில்கள் தோண்டித் தின்னும், மேலே கம்பிவலை போடுவது நல்லது. வாங்கும்போதே கிழங்கைப் பாருங்கள். குங்குமப்பூவின் கிழங்கு சிறியது, வலைபோல் பின்னிய நார்த்தோல் மூடியிருக்கும். கொல்சிக்கத்தினுடையது பெரியது, கபில நிறத்தில் கடதாசி போன்ற தோல். வசந்தத்தில் நிற்கும் இலையும் காட்டிக்கொடுக்கும். குரோக்கஸ் இலை புல்போல ஒடுங்கி, நடுவில் ஒரு வெள்ளைக்கோடு ஓடும். கொல்சிக்க இலை அகன்றது, கோடு கிடையாது.

மூன்று கேசரம் என்று உறுதியான பிறகும் அது எந்தக் குரோக்கஸ் என்று பார்க்க வேண்டுமே. எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. இலையுதிர்காலத்தில் பூக்கும் குரோக்கஸ்கள் பல உண்டு. தோட்டங்களில் எளிதாகப் பரவுவது ஸ்பெசியோசஸ். நீலம் கலந்த ஊதா இதழில் கடும் நிற நரம்புகள் ஓடும், செம்மஞ்சள் தம்பம் பல நூலாகப் பிரிந்து நிற்கும், பூக்கும்போது இலை இராது. அதோடு குழப்பிக்கொள்ளக்கூடியது புல்கெல்லஸ். கேசரத்தின் நுனியிலுள்ள மகரந்தக்கூட்டைப் பார்த்தால் போதும். புல்கெல்லஸுக்கு வெள்ளை, ஸ்பெசியோசஸுக்கு மஞ்சள். கொட்சியானஸுக்கும் மகரந்தக்கூடு வெண்மைதான், ஆனால் அதன் தொண்டைக்குள் ஒவ்வோர் இதழின் அடியிலும் இரண்டு மஞ்சள் பொட்டு இருக்கும். பிரெனீஸ் மலைப்பக்கத்து நூடிஃபுளோரஸ் நிலத்துக்கடியில் தண்டோட்டிப் பரவும். ருமேனியாவின் பனாட்டிக்கஸ் ஒரு தனிப்பிறவி. உள்ளிதழ் மூன்றும் சிறுத்து, வெளியிதழ் மூன்றும் பெருத்து ஐரிஸ் பூப்போலவே இருக்கும். இலையில் வெள்ளைக்கோடும் கிடையாது, மேலே சொன்ன அடையாளத்துக்கு இது விலகி நிற்கும். கிரேக்கத்தின் தெற்குமுனையில் ஏராளமாகப் பூக்கும் கௌலிமியிக்கு 1955 வரை தாவரவியலாளர் பெயரே வைத்திருக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு.

குங்குமப்பூவோ இலையும் பூவுமாகச் சேர்ந்தே வரும். அதன் மூன்று சிவப்பு நாரும் இதழுக்கு வெளியே தொங்கும் அளவுக்கு நீளம். அந்த நீளமும் கடுஞ்சிவப்பும் இல்லாத எந்தப் பூவின் நாரையும் வாயில் வைக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் மண்ணிலிருந்து திடீரென்று பூ எழும்புவதைப் பார்க்கத்தான் ஆசை என்றால், வெள்ளை மழைலில்லிக் குமிழ் நாலை வாங்கிக் கிணற்றடியில் நடலாம். நமது செம்மண்ணில் கேட்பாரில்லாமல் வளரும். அதன் குமிழும் தின்னக்கூடியதல்ல, சின்னப்பிள்ளைகள் உள்ள வீடென்றால் கவனம்.

எனது கோரிக்கைகள் இரண்டு. திருத்தத்தை மூலையில் ஒருவரியாகப் போடாமல், படம் வந்த அதே பக்கத்தில் மூன்று கேசரப் பூவையும் ஆறு கேசரப் பூவையும் பக்கம் பக்கமாக வைத்துப் போடுங்கள். அப்புறம், அந்தக் குறிப்பை நம்பி ஏற்கெனவே கிழங்கு வாங்கி நட்டவர்கள், பூத்தால் நாரைக் கிள்ளாமல் உள்பக்கம் தெரிய ஒரு படம் எடுத்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பட்டும். நீங்கள் அவற்றை எனக்கு அனுப்பிவைத்தால் இன்னதென்று பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
கோண்டாவில்.