அழுத்த முடியாதவருக்கு எதற்கு அந்தப் பொத்தான்?

ஆசிரியருக்கு வணக்கம்.

செவிலியர் பற்றாக்குறை பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் இருக்கிற சிஸ்டரைக் கூப்பிடக் கட்டிலோரம் தொங்கவிட்டிருக்கும் காலிங் பெல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நான் பார்த்த தனியார் மருத்துவமனைகளில் அது ஒயர் நுனியில் ஒரு சின்னப் பொத்தான். கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால்தான் வேலை செய்யும். பக்கவாதம் வந்தவரும், விரல் மூட்டெல்லாம் வீங்கியவரும் என்ன செய்வார்கள்? என் அம்மாவுக்கு வலது கை, கால் விழுந்துபோய்ச் சேர்த்திருந்த இடத்தில், பொத்தான் கட்டிலுக்கு வலப்பக்கம்தான் இருந்தது. ஒயர் இடது கைவரை எட்டாது. கடைசியில் எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் இடப்பக்கம் வைத்து, தட்டச் சொன்னோம். அதற்குச் சிஸ்டர் ஓடிவந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேறு வழி இல்லாமல் இல்லை. பிபி பார்க்கிற கருவியில் உள்ளதுபோல ஒரு ரப்பர் குமிழ் உண்டு. லேசாக அமுக்கினாலே காற்றழுத்தத்தில் மணி அடிக்கும். உள்ளங்கையோ கன்னமோ பட்டால் போதும் என்கிற தட்டையான சுவிட்ச் உண்டு. கை கால் அசையாதவர் வாயால் ஊதி அழைக்கிற குழாயும் உண்டு. ஐசியூவில் தொண்டையில் குழாயோடு கிடப்பவரால் 'சிஸ்டர்' என்று குரல் கொடுக்கவும் முடியாது, கூட ஆளும் இருக்க விடமாட்டார்கள். அங்கேயாவது இவை வேண்டாமா? எல்லாப் படுக்கைக்கும் கேட்கவில்லை. வார்டுக்கு ஒன்றிரண்டு, இருக்கிற பிளக்கிலேயே மாட்டுகிற மாதிரி வாங்கி வைத்தால் சரி.

இன்னொன்று, அழுத்தியதும் சுவிட்சிலேயே ஒரு விளக்கு எரிய வேண்டும். இல்லாவிட்டால் மணி அடித்ததா இல்லையா என்று தெரியாமல் நோயாளி அழுத்திக்கொண்டே இருப்பார், சிஸ்டருக்கு எரிச்சல் வரும். அணைக்கிற பொத்தானும் படுக்கைப் பக்கம்தான் இருக்க வேண்டும், நர்ஸ் ஸ்டேஷன் மேசையில் அல்ல. அப்போதுதான் சிஸ்டர் நேரில் வந்து பார்த்துவிட்டு அணைப்பார். 1853-லேயே ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் லண்டன் மருத்துவமனை ஒன்றின் பொறுப்பை ஏற்கும் முன், மணி அடித்தால் அதன் மூடி திறந்துகொண்டு, யார் அழைத்தது என்று செவிலியர் பார்க்கும்வரை அப்படியே நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

கழிவறைதான் மோசம். வழுக்கி விழுந்தவர் தரையில் கிடப்பார், சுவிட்ச் அவர் தலைக்கு மேலே சுவரில் இருக்கும். இங்கிலாந்துக் கட்டட விதிகளின்படி மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறையில் சிவப்புக் கயிறு தொங்க வேண்டும். அதில் இரண்டு வளையங்கள்: ஒன்று 80 முதல் 100 செ.மீ. உயரத்தில், மற்றொன்று தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில். நம் ஊரில் கயிறு இருக்கிற இடங்களிலும், தரை துடைக்க இடைஞ்சல் என்று முடிச்சுப் போட்டு மேலே சுருட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நல்ல சுவிட்ச் வரும்வரை செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. அட்மிஷன் ஆனதும் பிபி, சர்க்கரை எல்லாம் பார்க்கிறார்கள் அல்லவா? அப்போதே பொத்தானை நோயாளி கையில் கொடுத்து ஒருமுறை அழுத்தச் சொல்லட்டும். முடியவில்லையென்றால் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, ராத்திரி டியூட்டிக்கு வருகிறவரிடமும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி