குழந்தை பார்க்க வரும் சொந்தபந்தங்களுக்கு, பிரசவ வார்டிலிருந்து ஒரு மடல்

அத்தைகளே, சித்திகளே, பெரியம்மாக்களே, பக்கத்து வீட்டு அக்காக்களே, வணக்கம்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். பிள்ளை பெற்றவளைப் பார்க்க நீங்கள் தூக்குவாளியும் பிளாஸ்க்குமாக வந்து நிற்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாருமே வராத கட்டில்களையும் பார்த்திருக்கிறேன், அந்தப் பெண்களின் முகம் மனதைவிட்டுப் போகாது. அதனால் தயவுசெய்து வாருங்கள். ஆனால் வந்ததும் வராததுமாக நீங்கள் கேட்கிற அந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள்: "பால் வருதா?"

அக்கறையில்தான் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் தையல் வலியோடு, தூக்கமே இல்லாமல் படுத்திருப்பவளிடம் ஒருவர் பின் ஒருவராகக் கேட்டுவிட்டு, "குழந்தை பசியிலதான் அழுவுது, வயிறே நிறையல" என்று அவள் காதுபடவும் பேசிவிட்டுப் போகிறீர்கள். நீங்கள் போனதும் அவள் என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், எனக்குப் பாலே இல்லை, பவுடர் எழுதிக் கொடுங்க" என்று அழுகிறாள். அதுவரை அந்தக் குழந்தை நன்றாகத்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கும்.

முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது சீம்பால். கெட்டியாக, மஞ்சளாக, கொஞ்சமாகத்தான் வரும். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி கிடைத்தாலே குழந்தைக்குப் போதும், நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் இருக்கிறது. பீய்ச்சிப் பார்த்துவிட்டு "தண்ணி மாதிரிகூட வரலையே" என்று சொல்லாதீர்கள். பால் பெருகுவது பெரும்பாலும் மூன்றாம் நாள் வாக்கில்தான். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 45 சதவீதப் பிரசவம் சிசேரியன்தான், அப்படியென்றால் இந்தத் தாமதம் எத்தனை வீட்டில் நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எடை குறைந்துவிட்டது என்றும் பதறாதீர்கள், முதல் சில நாளில் கொஞ்சம் குறைந்து இரண்டு வாரத்துக்குள் பழையபடி ஏறிவிடும். ஐந்தாறு நாள் ஆன குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போனால் பெரும்பாலும் பால் போதுகிறது என்றுதான் அர்த்தம். இதையெல்லாம் பார்க்கத்தான் நாங்கள் இருக்கிறோம், குழந்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை குறைகிறது, எடை அளவுக்கு மீறிக் குறைகிறது என்றால் டாக்டரே வேறு பால் கொடுக்கச் சொல்லுவார். அப்படிக் கொடுக்க வேண்டி வந்த பெண்ணையும் குத்திக் காட்டாதீர்கள், பாவம், அவள் ஏற்கெனவே நொந்துபோய் இருப்பாள்.

பயத்தில் வாங்குகிற பவுடர் டப்பா என்ன செய்யும் தெரியுமா? குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். புட்டியில் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் குறைவாகக் குடிக்கும், சுரப்பும் குறையும், அடுத்த வாரம் நிஜமாகவே பால் போதாமல் போகும். அப்போது "நான் அன்னைக்கே சொன்னேனே" என்பீர்கள். பால் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992இல் சட்டமே போட்டிருக்கிறார்கள், அந்த டப்பாவை நாமே பரிசாகத் தூக்கிக்கொண்டு வரலாமா?

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக இனிப்புத் தொட்டுச் சேனை வைக்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை. சீனித் தண்ணீர், தேன், கழுதைப் பால், எதுவுமே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் நரம்பையே பாதிக்கிற கிருமி விஷம் உண்டாகலாம். நல்ல குணமுள்ள பெரியவர் கையால் ஆரம்பிக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை என்றால், குழந்தையை அம்மா மார்பில் வைப்பதற்கு அந்தப் பெரியவர் கையே உதவட்டும், அதுவும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்.

அப்புறம், பத்தியம். பூண்டு, பால் சுறாப் புட்டு, கருவாட்டுக் குழம்பு எல்லாம் தாராளமாகக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு வச்சிடும்" என்று தாகத்தோடு உட்கார வைக்காதீர்கள். பகலும் இரவுமாக எட்டுப் பத்துத் தடவைக்கு மேல் பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் வேண்டும், காய் பழம் வேண்டும், வயிறு நிறையச் சோறு வேண்டும்.

வரும்போது காய்ச்சல், சளி இருந்தால் ஒரு வாரம் கழித்து வாருங்கள், குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீர்கள். வந்தால் முதலில் அவளைப் பாருங்கள். "சாப்பிட்டியாம்மா? நான் பிள்ளையை வச்சுக்கிறேன், நீ ஒரு மணி நேரம் தூங்கு" என்று சொல்லுங்கள். துணி மூட்டையை வாங்கிக்கொண்டு போய்த் துவைத்துக் கொண்டுவாருங்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது பால் கொடுக்கக் கூச்சப்படுவாள், கேட்காமலே எழுந்து வெளியே போய்விடுங்கள்.

மூன்றாம் நாள், நாலாம் நாள் அவள் காரணமில்லாமல் அழலாம். நிறையப் பேருக்கு வருவதுதான், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். "பிள்ளை பெத்த சந்தோஷம் இல்லாம என்ன அழுகை" என்று அதட்டாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்கவில்லை, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, குழந்தையைத் தொடவே பிடிக்கவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டி வாருங்கள். 14416 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தால் மனநல ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள். செத்துப்போகலாம் போல இருக்கிறது என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றோ அவள் வாய்விட்டுச் சொன்னால், இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அவளைத் தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.